லாத்தா, தங்கச்சி கையெழுத்துப் போட்டுவிட்டாள்

எனக்கு அக்கா மாதிரியான அன்புள்ள லாத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

நேற்று மத்தியானம் ராமநாதபுரத்தில் வக்கீல் வீட்டில் வைத்துத் தங்கச்சி வக்காலத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டாள். ஜீவனாம்ச மனு அடுத்த வாரம் தாக்கலாகிறது. இதை நேரில் வந்து சொல்வதுதான் முறை. வந்தால் பிள்ளை கையில் ஒரு துண்டு தொதலைக் கொடுத்துவிட்டு என்னைப் பக்கத்தில் உட்கார வைப்பீர்கள், நான் எழுந்திருக்கும்போது "சரி லாத்தா, இன்னும் கொஞ்ச நாள் பார்ப்போம்" என்று சொல்லியிருப்பேன். எத்தனையோ தடவை அப்படித்தான் ஆனது. அதனால் எழுதுகிறேன்.

ஊர் பார்க்க ஏன் எழுத வேண்டும் என்று கேட்பீர்கள். ஊருக்கு விஷயம் ஏற்கெனவே தெரியும், ஆனால் கோணல்மாணலாகத் தெரியும். தங்கச்சியை யாரோ தூண்டிவிட்டார்கள், கட்சிக்காரர்கள் பின்னால் இருக்கிறார்கள் என்று பேச்சு. பின்னால் இருப்பது நான் மட்டும்தான். அதை என் வாயால் சொல்லிவிட வேண்டும்.

மாப்பிள்ளை வீட்டைப் பற்றி இதில் ஒரு வரியும் வராது. அவர் எந்த நாட்டில் வேலை பார்க்கிறார், எவ்வளவு சம்பாதிக்கிறார், தலாக் எப்படி வந்தது என்பதெல்லாம் மனுவில் இருக்கிறது, அங்கேயே இருக்கட்டும். பள்ளிவாசல் ஜமாஅத்துப் பெரியவர்களைப் பற்றியும் ஒன்றே ஒன்று சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். அவர்களில் நல்ல மனசுக்காரர்கள் உண்டு. ஆனால் தங்கச்சியின் வாழ்க்கையை அவர்கள் பேசிய ராத்திரி அவள் பக்கத்து வீட்டு முற்றத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்காகப் பேசியது எங்கள் காக்கா, அண்ணன்தான். காக்கா பாவம், கூச்சப்பட்டுப் பாதியை விட்டுவிட்டார். அவர் விட்ட பாதியில்தான் பிள்ளையின் சாப்பாடு இருந்தது.

நீங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை. "காலம் சரியில்லை புள்ள. நம்ம வீட்டுச் சண்டையை வாசலுக்குக் கொண்டுபோனா, வாசல்ல நிக்கிறவன் சமாதானம் பண்ண வரமாட்டான், வீட்டை இடிக்கத்தான் வருவான்." அந்தப் பயம் எனக்கும் உண்டு. நம் பெண்களின் கண்ணீரைத் தொலைக்காட்சியில் வைத்து ராத்திரி ராத்திரி பேசுகிறவர்கள், அதே பெண்களின் பிள்ளைகளுக்கு வாடகைக்கு வீடு கிடைக்காதபோது எங்கே போனார்கள் என்று நானும்தான் கேட்கிறேன். 2017-ல் உச்ச நீதிமன்றம் முத்தலாக் செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது. 2019-ல் சட்டம் போட்டு, சொன்னவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை என்றார்கள். செல்லாது என்றதில் எனக்குச் சந்தோஷம். சிறை என்றதில் இல்லை. அவர் ஜெயிலுக்குப் போனால் இங்கே உலை கொதிக்குமா? நாங்கள் போடப்போவது ஜெயிலுக்கு அனுப்பும் வழக்கில்லை. பிள்ளைக்கும் அவளுக்கும் மாதச் செலவு கேட்கிறோம், அவ்வளவுதான்.

ஆனால் லாத்தா, "பொறு" என்று நீங்கள் சொல்லும்போதெல்லாம் எனக்கு மண்டபம் அகதி முகாம்தான் ஞாபகம் வருகிறது. நடந்தது என்ன என்று என்னைவிட உங்களுக்குத் தெரியும். பத்து வயதில் நான் பார்த்ததை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் நான் அதைப் பார்த்தேன் என்பதே உங்களுக்கு மறந்துபோயிருக்கும் போலிருக்கிறது.

1990. ஜூனில் சண்டை மறுபடி தொடங்கியதிலிருந்து அக்கரை இலங்கையிலிருந்து படகு படகாகச் சனம் வந்துகொண்டிருந்தது. நம் தெருப் பெண்களிடம் பழைய புடவை, பால்மாவு, பாத்திரம் என்று வாங்கி நீங்கள் முகாமுக்குக் கொண்டுபோவீர்கள். குமருப் பிள்ளை தனியாகப் போகக்கூடாது என்று துணைக்கு என்னை அனுப்புவார்கள். அக்டோபர் கடைசியில் ஒரு ராத்திரி பெரியவர்கள் எல்லாரும் பிபிசி தமிழோசை கேட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். மன்னார் தீவில் முஸ்லிம் ஒருவரும் இருக்கக்கூடாது என்று புலிகள் சொல்லிவிட்டார்கள். யாழ்ப்பாணத்தில் இரண்டு மணி நேரம்தான் கொடுத்தார்கள் என்பதையும், வடக்கு முழுவதும் 70,000-க்கும் மேற்பட்டவர்கள் வெளியேற்றப்பட்டதையும் நான் வளர்ந்தபிறகு படித்தேன். அன்றைக்கு எனக்குத் தெரிந்தது உங்கள் சாச்சி, அதாவது சின்னம்மா, மன்னார் தீவின் எருக்கலம்பிட்டியில் இருந்தார் என்பது மட்டும்தான்.

அடுத்த தடவை முகாமுக்குக் கிளம்பியபோது உங்கள் வாப்பா புடவை மூட்டையைச் சாமான் அறையில் வைத்துப் பூட்டிவிட்டார். "நம்மளத் துரத்துன சனத்துக்கு நாம உடுத்திவிடணுமா?" என்றார். நீங்கள் சத்தம் போடவில்லை, அழவும் இல்லை. கையை நீட்டிக்கொண்டு அவர் முன்னால் நின்றீர்கள். நின்றுகொண்டே இருந்தீர்கள். லுஹருக்குப் பாங்கு சொன்னதும் அவர் சாவியைத் திண்ணையில் வைத்துவிட்டுப் பள்ளிக்கு நடந்தார். நாம் பஸ் பிடித்தோம்.

முகாமில் மழை. தகரக் கொட்டகைக்குள் ஒரு பெண் கைக்குழந்தையோடு நின்றாள். பேசாலைக்காரி, வேதக்காரப் பெண், கழுத்தில் ஜெபமாலை கிடந்தது. நீங்கள் புடவையை அவள் கையில் கொடுத்து, அவள் வாங்கிக்கொண்டபிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்டீர்கள். முதலில் கொடுத்தீர்கள், அப்புறம் கேட்டீர்கள். அந்த வரிசையை நான் இன்றுவரை யோசிக்கிறேன். "எருக்கலம்பிட்டியில என்ன நடந்துச்சு?" அவள் குழந்தையின் தலையைத் துடைத்தாள், துடைத்ததையே மறுபடி துடைத்தாள். "போகச் சொல்லிப்போட்டாங்கள் அக்கா. கல்பிட்டிப் பக்கம் வள்ளத்தில போனவங்கள். நாங்கள் பாத்துக்கொண்டு நிண்டனாங்கள்" என்றாள்.

அப்போதுதான் நோட்டோடு நின்ற அந்த உதவிக்குழுக்காரர் வந்தார். மரியாதையான மனுஷர், உங்களை அம்மா என்றுதான் கூப்பிட்டார். "இந்த நேரத்துல இதை இங்க பேசாதீங்கம்மா. வெளியே தெரிஞ்சா இவங்களுக்கு வர்ற உதவி நின்னுடும், இவங்களுக்கு ஆகாதவங்க இதையே பிடிச்சுக்குவாங்க" என்றார். நீங்கள் சொன்னீர்கள்: "பேசாம இருந்தா எனக்கு இவங்களுக்குச் சோறு போட மனசு வராது. பேசிட்டுப் போடுறேன், விடுங்க."

லாத்தா, இன்று அந்த நோட்டுக்காரர் சொன்னதை வரிக்கு வரி என்னிடம் நீங்கள் சொல்கிறீர்கள். கேட்கும்போது வயிறு எரிகிறது.

2001 ஆகஸ்ட் 6-க்குப் பிறகும் நீங்கள் இப்படி இல்லையே. ஏர்வாடி தர்கா பக்கத்தில் தனியார் காப்பகக் கொட்டகை தீப்பிடித்து, சங்கிலியில் கட்டிப்போட்ட மனநோயாளிகள் 28 பேர் செத்தார்கள். தர்காவுக்குக் கெட்ட பேர் வரும், அடக்கி வாசி என்றார்கள். சங்கிலி தப்பு என்று பத்திரிகைக்காரர்களிடம் சொன்னீர்கள், அன்று அஸருக்குப் பிறகு அதே தர்காவில் போய் அவர்களுக்காக பாத்திஹா ஓதினீர்கள். செத்தவர்கள் எந்த மதம் என்று யாரோ கேட்டதற்குத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. 2017-ன் மனநலச் சட்டம், யாரையும் எந்த விதத்திலும் சங்கிலியில் கட்டக்கூடாது என்று எழுதியபோது நீங்கள்தான் எனக்குப் போன் பண்ணினீர்கள்.

பாகிஸ்தான் வக்கீல் அஸ்மா ஜஹாங்கீர் யார் என்று எனக்குச் சொன்னதும் நீங்கள். மதநிந்தனை என்று தூக்குத் தண்டனை விதிக்கப்பட்ட சலாமத் மசீஹ் என்ற கிறிஸ்தவப் பையனுக்காக 1995-ல் லாகூரில் வாதாடி விடுதலை வாங்கினார். அவர்தான், வீட்டை மீறிக் கல்யாணம் செய்த முஸ்லிம் பெண்ணுக்காகவும் நின்றார். இரண்டுக்கும் அவருக்குக் கொலைமிரட்டல் வந்தது. பக்கத்து மதத்தானுக்கு நியாயம் கேட்கிற வாய், சொந்த வீட்டில் மூடிக்கொண்டால் அந்த நியாயத்தை யார் நம்புவார்கள் என்று வியாழக்கிழமைக் கூட்டத்தில் நீங்கள் கேட்டீர்கள். கடல்பாசி எடுக்கிற அக்காமார், தங்கச்சிமடத்து சிஸ்டர், நம் தெருப் பெண்கள் எல்லாரும் இருந்தார்கள். நான் அதைக் கேட்டுத்தான் இப்படி ஆனேன்.

சரி, பொறுப்பது என்றால் எவ்வளவு? அக்கரையைப் பாருங்கள். மன்னாரிலிருந்து விரட்டப்பட்ட சமூகத்துப் பெண்களில் ஒருவரான ஷிரீன் சரூர், அதே மன்னாரில் தமிழ்ப் பெண்களையும் முஸ்லிம் பெண்களையும் சேர்த்து ஒரே அமைப்பில் உட்கார வைத்தார். புத்தளத்தில் ஜுவைரியா மொஹிதீன் இடம்பெயர்ந்த பெண்களோடு வேலை செய்கிறார். இவர்கள் எல்லாரும் கேட்டது 1951-ம் வருஷத்து முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தைத் திருத்துங்கள் என்று. அந்தச் சட்டத்தில் மணப்பெண் கையெழுத்து வேண்டாம், பெண் காதி நீதிபதியாக முடியாது, காதி அனுமதித்தால் 12 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கும் நிக்காஹ் பதியலாம். 2009-ல் நீதிபதி சலீம் மர்சூஃப் தலைமையில் குழு போட்டார்கள். அறிக்கை வந்தது 2018-ல். ஒன்பது வருஷம் பொறுத்தார்கள் லாத்தா. மறுவருஷம் ஈஸ்டர் அன்று குண்டு வெடித்தது. அதற்குப் பிறகு, முஸ்லிம்களைக் கண்டாலே ஆகாதவர்கள் அந்தச் சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஆடினார்கள். 2021-ல் "ஒரே நாடு ஒரே சட்டம்" என்று செயலணி போட்டு, அதற்கு முஸ்லிம்களுக்கு எதிராகப் பேசி வந்த பௌத்த பிக்கு ஞானசார தேரரைத் தலைவராக்கினார்கள். அந்தப் பெண்கள் பொறுத்ததால் பகைவர் கைக்கு அது போகாமல் இருந்ததா? நம் ஆட்களே முன்னாலேயே சரிபண்ணியிருந்தால் அவர்களுக்குப் பிடித்துக்கொள்ள என்ன இருந்திருக்கும்?

இங்கேயும் அதே கதை. 1985-ல், தலாக் சொல்லப்பட்டு ஜீவனாம்சம் கேட்ட ஷா பானுவுக்குத் தீர்ப்பானது மாதம் 179 ரூபாய் 20 காசு. அந்தத் தொகைக்கு நாடே இரண்டுபட்டது. கடைசியில் தீர்ப்பே வேண்டாம் என்று அறிக்கை விடும் நிலைக்கு அந்த வயதான மனுஷியைக் கொண்டுபோனார்கள். அவருக்கும் சமூகத்துக்காகப் பொறுத்துக்கொள் என்றுதான் சொல்லியிருப்பார்கள். புதுக்கோட்டையில் ஷரீஃபா கானம், ஜமாஅத்தில் பெண்ணுக்கு இடமில்லை என்றால் பெண்களே ஜமாஅத் வைப்போம் என்று கிளம்பியபோது, அவரைப் பார்க்க என்னைக் கூட்டிப்போனது நீங்கள். சென்னையில் வழக்கறிஞர் பதர் சயீத் காஜிகளின் தலாக் சான்றிதழ்களை எதிர்த்து உயர் நீதிமன்றம் போனபோது, "ஒரு பொம்பளை தைரியமா உள்ள போயிருக்கா" என்று சந்தோஷப்பட்டீர்கள். அவர் போகலாம், என் தங்கச்சி போகக்கூடாதா? அவர் பேர் பெற்ற வக்கீல், இவள் நம் தெருப்பிள்ளை என்பதாலா?

இதை எழுதிவிட்டு நிறுத்தி வைத்திருந்தேன். உங்களிடம் இப்படிக் கேட்க எனக்கு என்ன தகுதி? கீழக்கரை தாசிம் பீவி கல்லூரியில் என்னைச் சேர்க்க எங்கள் வீட்டுப் படியை எத்தனை தடவை ஏறி இறங்கினீர்கள் என்று உம்மா இன்னமும் சொல்வார்கள். தங்கச்சிக்குப் பிரசவ வலி வந்தபோது ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரி வராந்தாவில் தஸ்பீஹோடு உட்கார்ந்திருந்தது நீங்கள். உங்கள் முதுகு வலியும் சர்க்கரையும் எனக்குத் தெரியும். பள்ளிப்படியில் நின்று உங்கள் காது கேட்க அந்தச் சொல்லைச் சொன்னவர்களையும் தெரியும். அலுத்துப்போயிருக்கும். அலுப்பு என்றால் அலுப்பு என்று சொல்லுங்கள் லாத்தா, நான் உங்கள் காலைப் பிடித்துவிட்டுப் போய்விடுவேன். அதற்குச் சமூகத்தின் நன்மை என்று பேர் வைக்காதீர்கள்.

கேட்காமல் கையெழுத்துப் போட வைத்ததற்கு மன்னியுங்கள். கேட்டிருந்தால் வேண்டாம் என்பீர்கள். உங்கள் சொல்லை மீறிப் போட்டோம் என்பதைவிட, கேட்காமல் போட்டோம் என்பது எனக்கு லேசாக இருந்தது.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு: எங்கள் லாத்தாவைப் பற்றி நான் கோபத்தில் எழுதியதை வெட்டி எடுத்துக்கொண்டு போய், பாருங்கள் இவர்கள் இப்படித்தான் என்று பேசுகிறவர் யாராக இருந்தாலும், உங்களுக்கும் எங்களுக்கும் பேச்சு கிடையாது. இவர் பட்டினி கிடக்க விடாமல் பார்த்துக்கொண்ட பெண்களில் உங்கள் வீட்டுக்காரிகளும் இருக்கலாம். அதே போல, மார்க்கத்தைக் கோர்ட்டுக்கு இழுத்துவிட்டாள் என்று சொல்லப்போகிறவர்களுக்கு: விவாகரத்தான பெண்ணுக்கு நன்முறையில் வாழ்வசதி கொடுக்கச் சொல்கிற வசனம் சூரா பகராவில் இருக்கிறது, 241. ஓதிப் பாருங்கள்.

2024 ஜூலை தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், எல்லாப் பெண்களுக்கும் உள்ள ஜீவனாம்சப் பிரிவு முஸ்லிம் பெண்ணுக்கும் உண்டு என்று தெளிவாகவே சொல்லிவிட்டது. நோட்டீஸ் போய்ச் சேர்ந்து, கூடியவரை 60 நாளுக்குள் இடைக்காலத் தொகையை முடிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். வக்கீலம்மா ரொம்ப நம்பிக்கை கொடுக்கவில்லை, வாய்தா இழுக்கும் என்றுதான் சொன்னார். ஆனால் அங்கே தங்கச்சி தன் வாயால் பேசலாம். ஜமாஅத் இடையில் நல்லபடியாகப் பேசி எழுத்தில் கொடுத்தால் அதையும் கோர்ட்டில் தாக்கல் செய்துகொள்ளலாம் என்றார். அந்தக் கதவை நாங்கள் மூடவில்லை. அதைப் பெரியவர்களிடம் நீங்கள் சொன்னால் கேட்பார்கள், நான் சொன்னால் கேட்கமாட்டார்கள்.

வியாழக்கிழமைக் கூட்டத்துக்கு வழக்கம்போல வருவேன். விதவை உதவித்தொகை மனு நான்கு பேருக்கு எழுதி வைத்திருக்கிறேன், உங்கள் கையால் ஒருதரம் பார்த்துவிடுங்கள். முதல் வாய்தா தேதி வந்ததும் சொல்கிறேன். முடிந்தால் வந்து தங்கச்சி பக்கத்தில் உட்காருங்கள். வராவிட்டால் வருத்தப்படமாட்டேன் என்று எழுத நினைத்தேன், அது பொய். வராவிட்டால் ஏன் வரவில்லை என்று உங்கள் வீட்டுக்கே வந்து கேட்பேன்.

வஸ்ஸலாம்,
உங்கள் பிள்ளை