முடிவு செய்துவிட்டேனா, முடிவாகிவிட்டதா?

ஆசிரியருக்கு வணக்கம்.

'நான் யார், எந்த வழியில் போகப்போகிறேன்' என்று கண்டுகொள்ளும் அடையாள வளர்ச்சியை, பல நாட்டு இளைஞர்களிடம் மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்திய உங்கள் கட்டுரையைப் படித்தேன். சில நாட்டு இளைஞர்கள் 'பின்தங்கியிருக்கிறார்கள்' என்ற வரிதான் உறுத்துகிறது.

உளவியலாளர் எரிக் எரிக்சன் பேசிய அடையாள நெருக்கடியை, அதாவது அந்தக் கேள்விகளோடு இளமையில் வரும் தவிப்பை, அளக்கும்படி ஆக்கியவர் இன்னொரு உளவியலாளர் ஜேம்ஸ் மார்சியா. 1966இல் வந்த அவருடைய ஆய்வில் அடிப்படைக் கேள்விகள் இரண்டுதான்: தேடிப் பார்த்தாயா? ஒன்றில் நிலைத்துவிட்டாயா? பதில் சொன்னவர்கள் 86 அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள், அத்தனை பேரும் ஆண்கள். தேடாமலேயே பெற்றோர் காட்டிய வழியில் நிலைத்தவருக்கு அவர் வைத்த பெயர் 'ஃபோர்குளோஷர்'. அவசரப்பட்டுக் கதவை மூடிவிட்டார் என்பதுபோல, பெயரிலேயே ஒரு குறை ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இந்த வகைக் கேள்வித்தாள் ஒன்றைத் தமிழாக்க நானும் உதவியிருக்கிறேன். 'என் வாழ்க்கைப் பாதையை முடிவு செய்துவிட்டேன்' என்று ஒரு வரி. 1 முதல் 5 வரை எண் போட வேண்டும். நிரப்பிப் பார்த்த ஒரு பெண் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டாள்: "நானா முடிவு செஞ்சதைக் கேக்குறீங்களா, வீட்ல எல்லாரும் பேசி முடிவானதையா?" எங்களிடம் பதில் இல்லை. சரி என்று 4 போட்டுவிட்டுப் போனாள். வீட்டாரோடு மாதக்கணக்கில் பேசியதும் வாதாடியதும் தேடல்தானே? அந்த 4இல் அது எங்கே தெரிகிறது?

புதிய அளவுகோல்கள் நுட்பமானவைதான், மறுக்கவில்லை. 2008இல் உளவியல் ஆய்வாளர் லூய்க்ஸ் குழுவினர் தேடலையே மூன்றாகப் பிரித்தார்கள். முடிவுக்கு வராமல் மனத்துக்குள் அசைபோட்டுக்கொண்டே இருப்பதும் அதில் தனியாக அளக்கப்படுகிறது. ஆனால் கேள்வித்தாளை மொழிபெயர்த்து, அதை மறுபடி மூலமொழிக்குத் திருப்பிச் சரிபார்த்தாலும் வார்த்தைதான் சரியாகும். இரண்டு நாட்டுச் சராசரிகளை அருகருகே வைக்க, இரண்டு தராசிலும் முள் ஒரே இடத்தில் தொடங்க வேண்டும். ஒரே மனநிலையில் இருக்கும் இருவரில் ஒருவர் தன்னடக்கத்தால் 3 போடுவார், இன்னொருவர் தயங்காமல் 5 போடுவார். இதைச் சோதிக்கப் புள்ளியியலில் முறைகள் இருக்கின்றன. அந்தச் சோதனையில் தேறாத அளவுகோலை வைத்து ஒரே நாட்டுக்குள் ஆராயலாம். நாடுகளை வரிசைப்படுத்த முடியாது.

நீங்கள் எடுத்துக்காட்டிய ஆய்வில் அந்தச் சோதனை நடந்ததா? அடுத்த இதழில் அதைச் சொல்லுங்கள். அப்புறம், கேட்ட கேள்விகளில் நான்கைந்தையாவது அப்படியே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்