கறுப்பு வாசல்

அன்புள்ள கவிதா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. வேலை நிரந்தரமானதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். அம்மாவிடம் போனில் சொன்னேன். உனக்கு அதிரசம் சுட்டுத் தருவார்களாம், போய் வாங்கிக்கொள்.

இங்கே ஜெர்மனியில் தேர்வு முடிந்தது. சனிக்கிழமை தனியாகவே ட்ரியர் என்ற பழைய ரோமானிய ஊருக்குப் போய்வந்தேன். நான் இருக்கும் சார்புரூக்கனில் இருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல்.

ஸ்டேஷனில் இருந்து நடந்தே போர்ட்டா நிக்ராவுக்குப் போய்விடலாம். கறுப்பு வாசல் என்று அர்த்தம். ரோமானியர் கட்டிய நகர மதிலின் வடக்கு வாசல். அங்கே மண்ணுக்கடியில் கிடைத்த மரத்தின் வளையங்களை வைத்து, கி.பி. 170 வாக்கில் கட்டியது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். மணற்கல்தான், காலப்போக்கில் கறுத்துவிட்டது. கற்களுக்கு நடுவே காரை கிடையாது. கல்லையும் கல்லையும் இரும்புப் பட்டையால் பிணைத்து, ஈயம் ஊற்றி இறுக்கியிருக்கிறார்கள். பிற்காலத்தில் வந்தவர்கள் அந்த இரும்புக்காகக் கல்லைக் குடைந்திருக்கிறார்கள். சுவர் முழுக்க அம்மைத் தழும்பு மாதிரி குழிகள். ஒன்றில் விரலை விட்டேன். இரண்டு கணு உள்ளே போனது, எடுத்தபோது நுனியில் ஈரமணல் ஒட்டியிருந்தது.

இவ்வளவு குடைந்தவர்கள் வாசலையே ஏன் விட்டுவைத்தார்கள் தெரியுமா? 11ஆம் நூற்றாண்டில் சிமியோன் என்ற கிரேக்கத் துறவி இதற்குள்ளே ஓர் அறையில் தன்னை அடைத்துக்கொண்டு வாழ்ந்தார். 1035இல் அவர் இறந்தபின் வாசலையே தேவாலயமாக்கிவிட்டார்கள். அதன்பின் யார் கை வைப்பார்கள்? ஊரின் மற்ற ரோமானிய வாசல்கள் போய்விட்டன, இது மட்டும் நிற்கிறது. 1804இல் நெப்போலியன் வந்து, தேவாலயத்தை அகற்றிப் பழைய வாசலாக்கச் சொன்னார். அப்படியும் கிழக்குப் பக்கம் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. ஒரு மனிதர் உள்ளே உட்கார்ந்ததால் ஒரு கட்டடமே பிழைத்திருக்கிறதே என்று அங்கேயே ரொம்ப நேரம் நின்றுவிட்டேன்.

அப்புறம் ரோமானிய மன்னர் கான்ஸ்டன்டைனின் அரசவை மண்டபம். 67 மீட்டர் நீளம், உள்ளே ஒரு தூண்கூடக் கிடையாது. இரண்டாம் உலகப் போரில் எரிந்ததை மீட்டெடுத்து, செங்கல்லைப் பூசாமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். அதுவும் இப்போது தேவாலயம்தான். நான் போனபோது ஒரு பாட்டி பலிபீடத்துக்குப் பூ மாற்றிக்கொண்டிருந்தார். எனக்கு நம் கரூர் பசுபதீஸ்வரர் கோயிலில் பூத்தொடுக்கும் அக்கா ஞாபகம்.

கார்ல் மார்க்ஸ் பிறந்த வீட்டுக்கு அப்பாவுக்காகவே போனேன். வாசலில் நின்று போட்டோ அனுப்பியதும் போன் செய்துவிட்டார், குரலே மாறிவிட்டது.

கடைசியாக மோசெல் ஆற்றங்கரையில் உட்கார்ந்து எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டேன். எதிரே ரோமானியர் பாலம். மேல் வளைவுகள் பின்னால் கட்டியவை, கருங்கல் தூண்கள் 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. இன்னும் அதன்மேல் கார்கள் ஓடுகின்றன. ஒன்பதாம் வகுப்பில் நீயும் நானும் நம் ஊர் அமராவதி ஆற்று மணலில் ரோமானியக் காசு கிடைக்கும் என்று தேடினோமே, கவிதா! சாயங்காலம் வரை கிளறி, ஒரு சோடா மூடியோடு வீட்டுக்கு வந்தோம். அந்தக் காசை அடித்தவர்களின் ஊரில் உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைத்ததும் உன்னிடம் சொல்லியே ஆக வேண்டும் போலிருந்தது.

ஆற்றில் இப்போது தண்ணீர் இருக்கிறதா? வற்றியதும் உன் பிள்ளைகளை அழைத்துப் போய்த் தேடச் சொல். ஏதாவது கிடைத்தால் உடனே எழுது.

அன்புடன்,
சுமதி