டீலர் டூர் என்றால் ஆண்களுக்கு மட்டும்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் வணிகப் பக்கத்தில் ஒரு படம் வந்திருந்தது. உஸ்பெகிஸ்தான் தலைநகர் தாஷ்கண்டில் ஒரு ஐந்து நட்சத்திர ஹோட்டல் வாசலில் கம்பெனி பேனரைப் பிடித்துக்கொண்டு தமிழ்நாட்டு டீலர்கள் நிற்கிறார்கள். அதிக விற்பனை செய்தவர்களுக்கான சுற்றுலா என்று கீழே போட்டிருந்தது. அத்தனை பேரில் ஒரு பெண்கூட இல்லை. நான் போனது வேறு கம்பெனியின் டூர். ஆனால் போன ஊர் அதேதான், தங்கியதும் அதே மாதிரி ஒரு பன்னாட்டு ஹோட்டலில்தான். அங்கே கண்டதை எழுதத்தான் வேண்டும் என்று தோன்றியது.

உடுமலைப்பேட்டையில் சிமென்ட், கம்பி, பைப் விற்கும் கடை வைத்திருக்கிறேன். வீட்டுக்காரர் காலமான பிறகு டீலர்ஷிப்பை என் பெயருக்கு மாற்றிக்கொண்டேன். லாரியில் லோடு வந்தால் மூட்டை எண்ணி இறக்குவது, மேஸ்திரிகளுக்குக் கடன் கொடுத்து வசூலிப்பது, மாதக் கடைசியில் டார்கெட்டுக்காக ஏரியா மேனேஜரிடம் மல்லுக்கட்டுவது எல்லாம் நான்தான். டூர் ஸ்கீம் வந்தபோது எங்கள் கடை அதற்கு வைத்த டன் கணக்கைத் தாண்டிவிட்டது. சேல்ஸ் ஆபீசர் போன் செய்தார். நல்ல பையன்தான். "அக்கா, வாழ்த்துகள். ஆனா இது ஜென்ட்ஸ் டிரிப்புங்க. நீங்க கிரெடிட் நோட்டா வாங்கிக்குங்க, இல்லீன்னா வீட்டுல ஆம்பளைங்க யாரையாச்சும் அனுப்பிருங்க" என்றார். கிரெடிட் நோட் என்றால் டூருக்குப் பதிலாகக் கடைக் கணக்கில் வரவு வைப்பது.

ஸ்கீம் சுற்றறிக்கையை எடுத்துப் படித்துப் பார்த்தேன். டீலர் என்றுதான் இருந்தது, ஆண் டீலர் என்று எங்கும் இல்லை. நானே வருகிறேன் என்றேன். அப்புறம் ரூம் பிரச்சினை வந்தது. எல்லாருக்கும் இரண்டு பேருக்கு ஒரு ரூம், எனக்குத் தனி ரூம் போட்டால் செலவு கூடும் என்றார்கள். கூடுதல் பணத்தை நானே கட்டுகிறேன் என்று சொன்ன பிறகுதான் பாஸ்போர்ட் நகலை வாங்கிக்கொண்டார்கள்.

இந்த டூர் யாரும் இனாமாகக் கொடுப்பதில்லை. கடை விற்ற சரக்குக்கு வந்த ஊதியம் அது. வருமான வரித்துறையே அப்படித்தான் பார்த்தது. வியாபாரத்தில் பணமாக இல்லாமல் இப்படிக் கிடைக்கும் சலுகைகள் ஆண்டுக்கு 20,000 ரூபாயைத் தாண்டினால் பத்து சதவீதம் வரி பிடிக்க வேண்டும் என்று 2022 ஜூலை முதல் 194ஆர் பிரிவைக் கொண்டுவந்தார்கள். எனக்கும் பிடித்தார்கள். வரி பிடிக்கும்போது நான் டீலர், விமானம் ஏறும்போது மட்டும் வேண்டாத ஆள் என்றால் அதில் என்ன நியாயம் இருக்கிறது?

ஹோட்டலைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன். தாஷ்கண்டில் ரொம்ப காலம் பெரிய ஹோட்டல் என்றால் 1974-இல் சோவியத் ஆட்சியில் கட்டிய ஹோட்டல் உஸ்பெகிஸ்தான்தான். திறந்துவைத்த புத்தகம் மாதிரி வளைந்து இன்றும் அமீர் தைமூர் சதுக்கத்தில் நிற்கிறது. ஹயாத், ஹில்டன் ஹோட்டல்கள் வந்தது கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள்தான். எங்கள் ஹோட்டலில் பாஸ்போர்ட்டை வாங்கி, வெளிநாட்டவர் தங்கும் பதிவை அவர்களே அரசுக் கணக்கில் ஏற்றிவிட்டார்கள். நூறு டாலர் மாற்றினால் பத்து லட்சம் சோமுக்கு மேல் கையில் வருகிறது. அந்தக் கட்டை எண்ணத் தெரியாமல் நின்றபோது வரவேற்பில் இருந்த பெண் ஒவ்வொரு தாளாக எடுத்துக் காட்டிச் சொல்லிக்கொடுத்தாள். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதிருக்கும். நெஞ்சில் கை வைத்து லேசாகத் தலை குனிந்துதான் யாருக்கும் வணக்கம் சொல்வாள்.

அந்தப் பெண்ணுக்கு எங்கள் குழுவில் சிலர் கொடுத்த தொல்லையைத்தான் நான் இங்கே சொல்ல வேண்டும். முதல் நாள் இரவே மூன்று நான்கு பேர் அவள் மேஜை முன்னால் போய் நின்றுகொண்டார்கள். செல்ஃபி எடுக்க வேண்டும் என்றார்கள். எடுத்தாயிற்று. அப்புறம் போன் நம்பர் கேட்டார்கள். டியூட்டி எத்தனை மணிக்கு முடியும் என்றார்கள். அவள் சிரித்துக்கொண்டே கணினித் திரையைப் பார்க்கிறாள், போனை எடுக்கிறாள், இவர்கள் நகர்வதாக இல்லை. ஒருவர் தோளில் கை போடப் போனார். நான் எழுந்து போய், "அண்ணா, நம்ம ஊர்ல பேங்க் கவுண்டர்ல இருக்கிற பொண்ணுகிட்ட இப்படிப் பண்ணுவீங்களா?" என்று தமிழில் சத்தமாகவே கேட்டேன். கலைந்து போனார்கள். மறுநாள் இரவு அந்த மேஜையில் ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். எங்கள் குழுவுக்காகத்தான் ஆளை மாற்றினார்களா என்று நான் கேட்கவில்லை, கேட்க வெட்கமாக இருந்தது.

எல்லாரையும் சொல்லவில்லை. குழுவில் பெரும்பாலானவர்கள் மரியாதையான மனிதர்கள், பேத்தி பேரன் எடுத்தவர்கள். ஆனால் டூரை விற்ற விதம்தான் அந்தச் சிலருக்குத் துணிச்சல் கொடுத்தது. கிளம்புவதற்கு முன்பே வாட்ஸ்அப் குழுவில் தாஷ்கண்ட் என்றாலே பெண்கள்தான் என்பது போல ஒரே மாதிரிப் படங்கள். அந்தக் குழுவில் நானும் இருக்கிறேன் என்பது யாருக்கும் நினைவில் இல்லை. நிகழ்ச்சி நிரலிலேயே "கலா டின்னர், பெல்லி டான்ஸ்" என்று அச்சடித்திருந்தார்கள். விருது கொடுப்பதும் அதே மேடையில்தான். ஆடுகிற பெண்கள் மேல் நோட்டை வீசுகிற இடத்தில் என் பெயரைக் கூப்பிட்டுக் கேடயம் கொடுத்தார்கள். ஆடுவது அந்தப் பெண்களின் தொழில், அவர்களை நான் குறை சொல்லவே மாட்டேன். ஆனால் ஒரு கம்பெனி, தன் டீலருக்கு மரியாதை செய்யும் மேடை அதுதானா?

பகலில் என்ன செய்தோம் என்றால், ஒருநாள் சிம்கான் மலைக்குப் போய் ரோப் காரில் ஏறினோம், சார்வாக் ஏரியைப் பார்த்தோம். நன்றாகத்தான் இருந்தது. மற்ற நாட்களில் காலை பத்து மணி வரை யாரும் எழுந்திருப்பதில்லை. நான் எழுந்து மெட்ரோ ஏறிவிடுவேன். மத்திய ஆசியாவின் முதல் மெட்ரோ அது, 1977-இல் ஓடத் தொடங்கியது. 2018 வரை உள்ளே படம் எடுக்கவே அனுமதி இல்லையாம். ஒவ்வொரு ஸ்டேஷனும் ஒரு மண்டபம். காஸ்மோனாவ்ட்லர் என்ற ஸ்டேஷனில் நீலப் பளிங்கு மாதிரிச் சுவரில் விண்வெளிக்குப் போன ககாரின், வாலன்டினா தெரஷ்கோவா எல்லாரும் வட்டச் சித்திரங்களாக இருக்கிறார்கள். பாக்தகோர் ஸ்டேஷன் சுவர் முழுக்கப் பருத்திப் பூ. பருத்தி விளைந்த நாடு என்பது அதைப் பார்த்தாலே தெரிகிறது. நான் பெட்டிக்குள் ஏறியதும் ஒரு கல்லூரிப் பையன் சட்டென்று எழுந்து இடம் கொடுத்தான். வயதில் மூத்த பெண் நின்றால் இளவட்டங்கள் உட்கார்ந்திருப்பதில்லை என்பதைப் போன போதெல்லாம் பார்த்தேன்.

நம் நாட்டின் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி உயிர்விட்ட ஊர் இது. 1965 போருக்குப் பின் பாகிஸ்தானின் அயூப் கானுடன் 1966 ஜனவரி 10-ஆம் தேதி இங்கேதான் உடன்படிக்கையில் கையெழுத்திட்டார். சோவியத் பிரதமர் கோசிகின் நடுவில் இருந்து பேசி முடித்துவைத்தார். அன்று இரவு கடந்து 11-ஆம் தேதி அதிகாலையில் சாஸ்திரி காலமானார். இன்றும் அந்த ஊரில் அவர் பெயரில் ஒரு தெரு இருக்கிறது, சிலை இருக்கிறது. எங்கள் நிரலில் அதற்கு அரை மணி நேரம்கூட ஒதுக்கவில்லை. ஒட்டன்சத்திரத்துக்காரர் ஒரு பெரியவரும் நானும் டாக்ஸி பிடித்துப் போனோம். அவர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கும்பிட்டார். சாஸ்திரி சொன்னார் என்பதற்காகத் தன் அப்பா திங்கட்கிழமை ராத்திரி சாப்பாட்டை விட்டதைச் சொன்னார். அரிசித் தட்டுப்பாட்டுக் காலம் அது, எங்கள் வீட்டுப் பெரியவர்களும் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

அதே 1966-இல் ஏப்ரல் 26-ஆம் தேதி அதிகாலை ஐந்தரை மணி ஆகும் முன்னே ஊருக்கு நேர் அடியிலேயே பூகம்பம் வந்தது. மண் வீடுகள் எல்லாம் இடிந்து சுமார் மூன்று லட்சம் பேர் வீடிழந்தார்கள். சோவியத்தின் எல்லாக் குடியரசுகளிலிருந்தும் கொத்தனாரும் இன்ஜினியரும் வந்து ஊரைத் திரும்பக் கட்டினார்கள். அதற்கு ஒரு நினைவுச்சின்னம் இருக்கிறது. கறுப்புக் கல் கனசதுரம் ஒன்று இரண்டாகப் பிளந்திருக்கிறது. அதில் கடிகார முள் பூகம்பம் வந்த நேரத்தில் நிற்கிறது. சிமென்ட் விற்றுப் பிழைக்கிற எங்களுக்கு இதைவிடப் பார்க்க வேண்டிய இடம் அந்த ஊரில் வேறு என்ன இருக்கிறது? கம்பெனியின் டெக்னிக்கல் இன்ஜினியரும் உடன் வந்திருந்தார். அவரை அங்கே நிறுத்தி, பூகம்பம் தாங்கும் கட்டடத்துக்குக் கம்பியை எப்படிக் கட்ட வேண்டும் என்று பதினைந்து நிமிடம் பேசச் சொல்லியிருந்தால் ஊருக்குத் திரும்பி மேஸ்திரிகளிடம் சொல்லியிருப்போம்.

சாப்பாட்டு விஷயமும் ஒன்று. காலை பஃபேயில் பழம், வால்நட், தேன், தயிர், வட்ட வட்டமாக அவர்கள் ரொட்டி, நடுவில் முத்திரை குத்தியது. எங்கள் ஆட்கள் ஆளுக்கு ஒரு ரொட்டி எடுத்து, ஒரு துண்டு பிய்த்துப் பார்த்துவிட்டு, ஊறுகாய் இல்லை, சட்னி இல்லை என்று தட்டோடு தள்ளிவிட்டுப் போனார்கள். ஒரு ரொட்டி கீழேயே கிடந்தது. தட்டு எடுக்க வந்த அம்மா, தங்கப்பல் கட்டிய வயதானவர், அதைக் குனிந்து எடுத்து உதட்டில் ஒற்றிக்கொண்டு ஜன்னல் திட்டில் உயரமாக வைத்தார். அங்கே ரொட்டியைக் கவிழ்த்துக்கூட வைக்க மாட்டார்கள். காலில் படும் இடத்தில் சோற்றைப் போடக் கூடாது என்று சொல்லித்தான் நம்மையும் வளர்த்தார்கள். டூர் மேனேஜர் விமானத்திலேயே ஐந்து நிமிடம் இதைச் சொல்லியிருக்கலாம்.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. ஸ்கீம் சுற்றறிக்கையில் டீலர் தானே வரலாம், ஆணோ பெண்ணோ, விருப்பமிருந்தால் கணவன் மனைவியாகவும் வரலாம் என்று தெளிவாகப் போடட்டும். தமிழ்நாட்டில் எத்தனையோ கடைகளில் கல்லாவில் உட்கார்ந்து கணக்கு எழுதுவது வீட்டுக்கார அம்மாதான். தனியாக வரும் பெண் டீலருக்குத் தனி ரூம் கம்பெனி செலவில் கொடுக்கட்டும். விருது வழங்குவதை ஒரு பகல் நேரத்தில் வைக்கட்டும். ஹோட்டல் ஊழியர்களிடம் முறைகேடாக நடந்தால் அடுத்த ஸ்கீமில் டூர் கிடையாது என்று எழுதிக் கையெழுத்து வாங்கட்டும். செக் திரும்பினால் சப்ளையை நிறுத்தும் கம்பெனிக்கு இது முடியாதா?

உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். இந்த மாதிரிப் படங்கள் கம்பெனிகளிடமிருந்து வரும்போது, பெண் டீலர்கள் எத்தனை பேர் தகுதி பெற்றார்கள், எத்தனை பேர் வந்தார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டு அதையும் சேர்த்துப் போடுங்கள்.

என் பெயரை வெளியிட வேண்டாம். அடுத்த மாத லோடும் அதே கம்பெனியிலிருந்துதான் வர வேண்டும்.

இப்படிக்கு,
கட்டுமானப் பொருள் விற்பனையாளர் ஒருவர்,
உடுமலைப்பேட்டை.