மேய்ப்பரிடமும் கணக்கு கேட்கலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

கிறிஸ்தவ சபைகளில் மேய்ப்பர்கள் எனப்படும் தலைவர்கள் பதவிக்காக இரண்டு அணியாகப் பிரியும்போது முதலில் நசுங்குவது விசுவாசிகள்தான். காணிக்கைக் கணக்கு கேட்டால், 'அபிஷேகம் பண்ணப்பட்டவரைத் தொடாதே' என்று வாயை அடைக்கிறார்கள். அந்த வசனத்தை (பைபிள், சங்கீதம் 105:15) முழுதாகப் படியுங்கள். நாடு நாடாக அலைந்த ஆபிரகாம் போன்ற முற்பிதாக்களை ஒடுக்கக் கூடாது என்று ராஜாக்களுக்குச் சொன்ன எச்சரிக்கை அது. இன்று ஒடுக்குகிறவர்களே அந்த வசனத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

1970களில் அமெரிக்காவில் பரவிய மேய்ப்பர் இயக்கத்தில் கல்யாணம், வேலை என எல்லாவற்றுக்கும் மேய்ப்பரின் சொல்லை எதிர்பார்த்து நின்றவர்கள் பலர். அப்புறம் அதன் தலைவர்களில் ஒருவரான பாப் மம்ஃபோர்டே பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்.

சபையை விட்டுப் போன மகனோடு பேசாதே என்று பெற்ற தாயிடமே சொல்வது பாவம். புகாரை வெளியாட்கள் விசாரிக்கட்டும். குற்றம் நடந்திருந்தால் நேரே போலீசுக்குப் போங்கள். சபை மூப்பர்களின் அனுமதி வேண்டியதில்லை.

- ஒரு வாசகர்