‘லேகிதிமுஸ்’ வெறும் ‘சட்டபூர்வம்’ அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ரோமானியச் சட்டச் சொற்கள் பற்றிய கட்டுரையில் ‘லேகிதிமுஸ்’ என்ற லத்தீன் சொல் வந்த இடமெல்லாம் ‘சட்டபூர்வமான’ என்றே போட்டிருக்கிறீர்கள். பல இடங்களில் இது பொருளைக் கெடுத்துவிடுகிறது.

கி.பி. 2ஆம் நூற்றாண்டுச் சட்ட அறிஞர் காயுஸ் வழக்குகளை இரண்டாகப் பிரிக்கிறார். ரோம் நகருக்குள்ளோ அதன் முதல் மைல்கல்லுக்குள்ளோ, ரோமானியக் குடிமக்களுக்கிடையே, ஒரே நடுவர் முன் நடப்பது ‘யூதிகியும் லேகிதிமும்’ (சட்டம் வரையறுத்த வழக்கு). 1 ஆண்டு 6 மாதத்துக்குள் தீர்ப்பாகாவிட்டால் வழக்கு நடைமுறை பற்றிய யூலியச் சட்டப்படி அது காலாவதியாகிவிடும். நிபந்தனைகளில் ஒன்று தவறினாலும் வழக்கு இரண்டாம் வகைக்குப் போய்விடும். வழக்கை விசாரிக்க ஆணையிட்ட அதிகாரியின் அதிகாரம் இருக்கும்வரைதான் அதற்கு உயிர். உடைமைச் சேதத்துக்கு இழப்பீடு தரும் அக்குவிலியச் சட்டத்தின் கீழ் தொடுத்த வழக்குகூட மாகாணத்தில் நடந்தால் ‘லேகிதிமும்’ ஆகாது. அதற்காக அது சட்டவிரோதமான வழக்கா? இல்லவே இல்லை. உங்கள் மொழிபெயர்ப்பைப் படிப்பவர் அப்படித்தான் நினைப்பார்.

வாரிசு விஷயமும் இதுவே. ‘ஹேரேஸ் லேகிதிமுஸ்’ என்பவர் உயில் இல்லாதபோது சட்டமே காட்டும் வாரிசு. உயிலால் வந்தவரும் முழு உரிமையுள்ள வாரிசுதான். ஆகவே ‘சட்டம் வரையறுத்த’ என்பதே பொருத்தம். ‘அனுமதிக்கப்பட்ட’ என்பதற்கு லத்தீனில் ‘லிகிதுஸ்’ தனியாக உண்டு.

இலக்கணத்துக்கு வருவோம். ‘லேக்ஸ்’ (சட்டம்) என்ற பெயரிலிருந்து பிறந்த அடைமொழி இது. லத்தீனில் ‘மிகவும்’ என்ற பொருள் தரும் ஈற்றைப் போலிருக்கும் ‘திமுஸ்’ ஈற்றைப் பார்த்து ‘மிகவும் சட்டபூர்வமான’ என்று கொள்ளக் கூடாது; ‘மரிதிமுஸ்’ (கடல்சார்ந்த) போன்ற ஆக்கம்தான். ஆண்பாலில் லேகிதிமுஸ், பெண்பாலில் லேகிதிம, அஃறிணைப்பாலில் லேகிதிமும். தமிழ்ப் பெயரடை மாறாது. லத்தீன் அடைமொழியோ பால், எண், வேற்றுமை மூன்றிலும் பெயரோடு ஒத்துப்போக வேண்டும். ஆனால் ஈற்றொலி ஒத்திருக்க வேண்டியதில்லை. ‘வாரிசின்’ என்பதற்கு ‘ஹேரேதிஸ் லேகிதிமீ’, ‘வாரிசுகளுக்கு’ என்பதற்கு ‘ஹேரேதிபுஸ் லேகிதிமீஸ்’. ஒலியை ஒப்பாக்க ‘லேகிதிமிஸ்’ என்று ஒருமையில் எழுதுவதே பயில்வோர் அதிகம் செய்யும் பிழை.

குறில் நெடிலும் முக்கியம். முதலெழுத்து ‘லே’ நெடில். ஈற்றயல் ‘தி’ குறில் என்பதால் அழுத்தம் அதற்கு முந்தைய ‘கி’யில் விழும். கட்டுரையில் எழுவாயாக வரும் ‘தூதேலா லேகிதிமா’ (சட்டம் வரையறுத்த காப்பாளர் பொறுப்பு) தவறு. எழுவாயில் இரண்டும் குறிலில் முடிந்து ‘தூதேல லேகிதிம’ என்றாகும். நெடில் வந்தால் ‘காப்பாளர் பொறுப்பால்’ என்று வேற்றுமையே மாறிவிடும். ரோமன் எழுத்து அச்சில் பெரும்பாலும் மறைந்துபோகும் இந்த வேறுபாட்டைத் தமிழ் எழுத்து தெளிவாகக் காட்டும். அடுத்த பகுதியிலாவது இதைக் கவனித்து அச்சிட வேண்டுகிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகர்