கூடலூர் பிரிவு 17 நிலங்களில் குடியிருப்போருக்கு வீட்டு மனைகளை விலைக்கு வாங்கும் உரிமை கோரும் மனு

அனுப்புநர்:
பிரிவு 17 நிலங்களில் குடியிருப்போர்,
கூடலூர், நீலகிரி மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
உதகமண்டலம்.

மதிப்பிற்குரிய ஐயா,

நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தின் ஜன்ம (பரம்பரை உரிமை) நிலங்கள், 1969ஆம் ஆண்டின் கூடலூர் ஜன்ம எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் 1974 நவம்பரில் நடைமுறைக்கு வந்தபோது அரசுக்கு உரியவையாயின. பயிரிட்டு வந்தோர் ரயத்துவாரி பட்டா (அரசிடமிருந்து நேரடியாகப் பெறும் நில உரிமை) பெற அச்சட்டத்தின் 8, 9, 10ஆம் பிரிவுகள் வழிசெய்தன. தோட்டக் குத்தகை நிலங்கள் மட்டும் 17ஆம் பிரிவின்கீழ் முடிவு காணாமல் நிற்கின்றன. எங்கள் வீடுகள் அந்நிலங்களில்தான் உள்ளன.

எங்களில் பலர் 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினர். ஏனையோர் கேரளப் பகுதிகளிலிருந்து வந்து குடியேறிய விவசாயிகள். வெள்ளைத்தாளில் எழுதிய கிரயச் சீட்டைத் தவிர மனைக்கு எங்களிடம் வேறு ஆவணம் இல்லை. குடும்ப அட்டையும் வாக்காளர் அட்டையும் இதே முகவரிக்குத் தரப்பட்டிருந்தும், மின் இணைப்புக்கு விண்ணப்பித்தால் நிலத்தின் வகையைக் காட்டித் திருப்பி அனுப்புகிறார்கள். தென்மேற்குப் பருவமழைக்கு முன் உடைந்த கூரையை மாற்றச் சிமெண்ட் ஷீட் ஏற்றிவந்தால், அதற்கும் இதே தடைதான்.

வன உரிமைச் சட்டம், 2006 எங்களுக்குக் கைகொடுக்காது. பழங்குடியினர் அல்லாதோர் 2005 டிசம்பர் 13க்கு முன் 75 ஆண்டுகள் அங்கே வாழ்ந்திருக்க வேண்டும் என்கிறது அச்சட்டம். 1964க்குப் பின் கப்பலேறி வந்தவர்கள் அதை எவ்வாறு காட்ட முடியும்?

இந்நிலங்கள் பற்றிய வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை சென்றதையும், காடாகக் கருதப்படும் நிலத்தை வேறு பயனுக்கு மாற்ற 1980ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டப்படி மத்திய அரசின் ஒப்புதல் வேண்டும் என்பதையும் அறிவோம். ஆகவே, தங்கள் அளவிலேயே பட்டா வழங்கிவிடுமாறு நாங்கள் கேட்கவில்லை. வருவாய்த் துறையும் வனத் துறையும் கூட்டாகப் புலத் தணிக்கை செய்து, வீடுகளும் சிறு கடைகளும் நிற்கும் இடங்களை மட்டும் காட்டிலிருந்தும் தேயிலைத் தோட்டத்திலிருந்தும் பிரித்து அளந்து, அவற்றைக் குடியிருப்போருக்கே அரசு வழிகாட்டி மதிப்பில், தவணை முறையில் விற்பதற்கான முன்மொழிவை அரசுக்கு அனுப்ப வேண்டுகிறோம். இலவசமாக எதையும் நாங்கள் கேட்கவில்லை. பணியர், காட்டுநாயக்கர் உள்ளிட்ட பழங்குடியினரின் உரிமைக் கோரிக்கை உள்ள இடங்களை இதில் சேர்க்கவும் வேண்டாம்.

வாங்கிய மனையைக் குறிப்பிட்ட ஆண்டுகளுக்குப் பிறருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனையையும் விதிக்கலாம். எங்கள் பெயரைச் சொல்லிச் சொகுசு விடுதிக்காரர்கள் உள்ளே நுழைவதை நாங்களும் விரும்பவில்லை. தணிக்கை முடியும்வரை, தற்போதுள்ள வீடுகளுக்குத் தற்காலிக மின் இணைப்பும் பழுதுபார்ப்பு அனுமதியும் கிடைக்க ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பிரிவு 17 நிலங்களில் குடியிருப்போர்

இணைப்பு: குடும்ப அட்டை நகல்கள், கிரயச் சீட்டு நகல்கள்.