பண்ருட்டி இல்லடி, பன்ராட்டி

அடியே சுமதி,

திட்டாத. பொங்கலுக்கு நீ போட்ட லெட்டருக்கு ஆடி மாசம் பதில் எழுதுறேன், தப்புதான். நைட் டியூட்டி, சின்னவ பரீட்சை, என் முட்டிவலின்னு சாக்கு வரிசையா இருக்கு, எதையும் நீ நம்பப் போறதில்ல. எல்லாரும் சௌக்கியம். ஜெயா போன் பண்ணா, அதே புராணம்தான்.

போன ஞாயித்துக்கிழமை நாத்தனார் குடும்பத்தைக் கூட்டிட்டு பன்ராட்டி கோட்டைக்குப் போனோம். பண்ருட்டி இல்லடி, பன்ராட்டி, பலாப்பழமெல்லாம் கிடையாது. இங்க அயர்லாந்துல, லிமரிக்லேர்ந்து ஷானன் ஏர்போர்ட் போற வழி. இத்தனை வருஷமா கார்லேர்ந்தே பாத்துட்டுப் போயிட்டிருந்தேன். கோட்டைன்னதும் செஞ்சி மாதிரி நினைச்சுக்காத, மலை கிடையாது, ஒரே கட்டடம், வீட்டை அப்படியே மேல மேல அடுக்கின மாதிரி. டவர் ஹவுஸ்னு சொல்றாங்க. 15ஆம் நூற்றாண்டுல இங்க வசதி இருக்கிறவன் எல்லாம் இதைத்தான் கட்டியிருக்கான். 1429ல டப்ளின் சுத்துவட்டார நாலு கவுண்டிக்காரங்களுக்கு (நம்ம மாவட்டம் மாதிரி), இன்ன நீளம் இன்ன உயரத்துல கட்டினா பத்து பவுண்டு மானியம்னு ராஜா பேர்ல சட்டமே போட்டாங்களாம், நம்ம ஊர் தொகுப்பு வீடு மாதிரி! பன்ராட்டி அந்தக் கணக்குல வராது. மக்னமாரான்னு ஒரு உள்ளூர் வம்சம் 1425 வாக்குல கட்டினது, பின்னாடி ஓபிரையன் வம்சத்துக்குப் போச்சு. அதே இடத்துல இது நாலாவது கோட்டை, முன்னாடி மூணும் போயிடுச்சு.

வாசல்ல நுழைஞ்சதும் தலைக்கு மேல ஒரு ஓட்டை. எதிரி உள்ள வந்தா மேலேர்ந்து கல்லு, கொதிக்கிற தண்ணின்னு கொட்டுறதுக்கு. நாத்தனார் சரியா அதுக்குக் கீழதான் நின்னு செல்ஃபி எடுத்தா. நான் வாயே திறக்கல.

மாடிப்படிதான் என்னைக் கொன்னுடுச்சு. சுவத்துக்குள்ளயே சுத்திச் சுத்திப் போற கல் படி, ஒரு படி மாதிரி இன்னொண்ணு இல்ல, எதிர்ல ஆள் வந்தா பல்லி மாதிரி ஒட்டிக்கணும். கீழேர்ந்து வர்றவன் வலது கையில வாள் வீச முடியாதபடி திருகிக் கட்டினாங்கன்னு பக்கத்துல ஒருத்தர் அளந்தார், எனக்கென்னவோ அது பின்னாடி சேத்த கதையாத்தான் படுது.

ஆனா காவக்காரங்க தின்னு தூங்கின ஹால் ஒண்ணு இருக்கு, அங்க அண்ணாந்து பாத்தவ அப்படியே நின்னுட்டேன். வளைஞ்ச கல் கூரையில சுண்ணாம்புச் சாந்து மேல பாய் அச்சுடி. வளைவு கட்டும்போது கீழ குச்சி முடைஞ்ச தட்டியை முட்டுக் கொடுத்து, அதுமேல சாந்தைப் போட்டு கல்லை அடுக்கிருக்காங்க, இறுகினதும் தட்டியை உருவிட்டாங்க. குச்சி மேல குச்சி ஏறி இறங்கினதுகூடத் தெரியுது, ஆறு நூறு வருஷமாகப் போகுது! உங்கம்மா முத்தத்துல வடாம் காயப்போட்ட பாய்தான் எனக்கு ஞாபகம் வந்துச்சு.

1646ல முற்றுகை. பென்சில்வேனியாங்கிற பேருக்கே காரணமான அட்மிரல் பென் கோட்டையைக் காக்க கப்பலோட வந்து நின்னும் அது கைமாறிடுச்சு. ஆனா கட்டடம் அதுக்கெல்லாம் தாங்கிடுச்சு பாரு. பின்னாடி வந்த ஸ்டடர்ட் குடும்பம் 1804ல பக்கத்துலயே வசதியா வேற வீட்டுக்குக் குடிபோயிட்டாங்க. கொஞ்ச காலம் போலீஸ்காரங்க இருந்தாங்க, அப்புறம் கவனிக்க ஆள் இல்ல, அந்த நூற்றாண்டு முடியறதுக்குள்ள பெரிய ஹாலோட கூரை இறங்கிடுச்சு. 1954ல கோர்ட் (Gort) பிரபுன்னு ஒருத்தர் வாங்கி, அரசாங்கமும் ஜான் ஹன்ட்ங்கிற பழம்பொருள் நிபுணரும் கூட நின்னு, திரும்பக் கூரை போட்டு 1960ல திறந்திருக்காங்க. மேஜை, பெட்டி, திரைச்சீலை எல்லாம் அந்தக் காலத்து அசல்தான், ஆனா அந்த வீட்டோடது இல்ல, பல ஊர்லேர்ந்து வாங்கி வெச்சது. "அப்ப இது செட்டிங்ஸ்தானே"ன்னார் எங்க வீட்டு மேதாவி. கார்ல வீடு வரைக்கும் சண்டை. அந்தக் காலத்துப் பாணில ராத்திரி விருந்து வேற நடக்குது, 1963லேர்ந்து. முள்கரண்டி தரமாட்டாங்க, கையால சாப்பிடணும், அதுக்கு டிக்கெட்! நம்ம மெஸ்ல வார்டன் கேட்டா அழுதிருப்பா.

சரி, நான் எழுத உக்காந்ததே வேற ஒண்ணுக்கு. உன் லெட்டர்ல போற போக்குல ஒரு வரி எழுதியிருந்த, ஊர் வீட்ல நாலு ஓடு உடைஞ்சிருக்கு, பங்கு பிரிச்சப்புறம் பாத்துக்கலாம்னு அண்ணன் சொல்லிட்டார்னு. அம்மா போனதுலேர்ந்து பூட்டியே கிடக்குற வீடுடி அது. பங்கு எப்ப வேணா பிரிங்க. ஐப்பசி மழை உத்தரத்துல இறங்கிடுச்சுன்னா நாலு ஓட்டுல நிக்காது, அப்புறம் அண்ணனே இடிச்சுடலாம்னுவார், நீயும் அழுதுட்டே கையெழுத்துப் போடுவ, உன்னை எனக்குத் தெரியும். ஆளைக் கூப்பிட்டு ஓட்டை மாத்து. பணம் நான் போடுறேன், ரோஷப்படாத, தேர்ட் இயர் மெஸ் பில் நீ கட்டினது இன்னும் பாக்கி.

ஏறிப் பாத்ததும் போட்டோ அனுப்பு, சமையக்கட்டு மூலையை மறக்காம எடு. மாவு பொங்கி வழியுதுன்னு நாத்தனார் கத்துறா, போறேன்.

உன்
கலா